கமிட்டிக்கு ஒருமையா, பன்மையா

என் அண்ணி எனக்கு அண்ணி ஆவதற்கு முன்னால் என் தோழி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒரே லைனில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். அவள் தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நான் வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் கோவிலுக்குப் பூசைக்கு அழைத்து வந்தேன். என் அண்ணன் பார்த்தான். அடுத்த வருஷம் அதே கோவிலில் கல்யாணம். அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கூப்பிட்டேன். கோபம் வந்தால் மட்டும் பழையபடி 'இன்னாடி' என்று வாயில் வந்துவிடும். எங்களுக்குள் கோபம் வந்ததெல்லாம் இங்கிலீஷால்தான்.

கம்பெனியில் எங்களை ட்ரெயினி என்றுதான் எடுத்தார்கள். ட்ரெயினிங் முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்று யாரும் நம்பவில்லை. வேலையே முடியும். அண்ணிக்குக் கல்யாணத்துக்குச் சற்று முன்னால் முடிந்தது. எனக்கு வேறொரு ஒப்பந்தத்தில் நீட்டித்தார்கள். மத்திய அரசு குமாஸ்தா தேர்வு எழுதலாம் என்று முதலில் சொன்னது அண்ணி. கணக்கு எங்களுக்கு வந்தது. பொது அறிவும் ஒருமாதிரி வந்தது. இருவரும் தமிழ் மீடியம், அதனால் இங்கிலீஷ் மட்டும் கழுத்தை அறுத்தது. காலை ஷிப்ட் வாரங்களில் சாயங்கால டீக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். சமையலறைத் தரையில் கைடை விரித்து நான் கேள்வி படிப்பேன், அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"'ஷி ஈஸ் டேஷ் தி பஸ்.' இன்னா போடணும்?"

"இன். பஸ்ஸுக்குள்ளதானட்டி இருக்கா."

"விடையில 'ஆன்'னு போட்டுக்கீது."

"மேற்கூரையிலயா உக்காந்து போறா?"

கார் என்றால் 'இன்'னாம், பஸ் என்றால் 'ஆன்'னாம். ஷேர் ஆட்டோவுக்கு என்ன என்று தேடினேன். ஒரகடம் சிக்னலில் நாங்கள் ஏறுகிற ஷேர் ஆட்டோவில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. அதற்கு அந்தக் கைடில் விதி கிடையாது. அண்ணி கேட்டதற்கும் என்னிடம் பதில் கிடையாது. விடை ஆன் என்று இருக்கிறது, போட்டுக்கொள் என்றால் அவள் ஒப்பமாட்டாள். காரணம் தெரிந்தாக வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு வெங்காயம் என்று வைத்தால்கூட அவள் கேட்கிற காரணங்களுக்குள் வெங்காயம் முழுக்க உரித்து முடிந்துவிடும்.

சொல்வளம் இன்னும் மோசம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு சொல் என்று ஒரு பகுதி. அரசனைக் கொல்வதற்கு ஒரு சொல், அண்ணன் தம்பியைக் கொல்வதற்கு ஒரு சொல், பெண்டாட்டியைக் கொல்வதற்கு ஒரு சொல். எல்லாம் ஒரே மாதிரி முடியும், எது எந்தக் கொலை என்று மாறிப்போகும். "நாத்தனாரக் கொல்லதுக்கு ஒண்ணும் போடலியா?" என்று அண்ணி கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்து நின்று வேலை செய்து கால் வீங்கியிருந்தது. அலுவலகத்தில் கோப்பு எடுத்து வைக்கப்போகிற குமாஸ்தா எதற்காக இத்தனை கொலைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

படிக்கப் படிக்க இன்னொரு வியாதி வந்தது. எங்கே இங்கிலீஷைப் பார்த்தாலும் பிழை தேட ஆரம்பித்தேன். லைன் போர்டில் ஒரு நாள், டார்கெட் பற்றி டிஸ்கஸ் அபௌட் பண்ண எல்லோரும் கூட வேண்டும் என்று அறிவிப்பு. டிஸ்கஸ் என்றால் அதற்குப் பின்னால் அபௌட் வரக்கூடாது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சி உனுக்குப் புரிஞ்சிச்சா இல்லியா?"

"புரிஞ்சிது சார்."

"அப்பறம் இன்னாம்மா? போ, லைனு நிக்குது."

அந்த அபௌட் என் வேலை முடியும்வரை அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகும்போது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

பத்தியைப் படித்துப் பதிலளிக்கும் பகுதியில்தான் எனக்கு மார்க் ஓட்டைக் குடத்துத் தண்ணீராகக் கொட்டியது. ஒருமுறை மாதிரித் தேர்வில், பெரிய நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி ஒன்றைப் பற்றிப் பத்தி வந்தது. ஏரி நிறைந்தால் நகரமே நிம்மதி அடைகிறது, மக்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள், இவ்வளவுதான் பத்தி. இதிலிருந்து எதை ஊகிக்கலாம் என்று கேள்வி. ஏரி நிறைவது கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆபத்து என்பதைத் தேர்ந்தெடுத்தேன். விடை அது இல்லை.

"எப்பிடி இல்லாம போவும்?" என்று அண்ணியிடம் கத்தினேன். "செம்பரம்பாக்கம் தொறந்த வருஷம் எங்க அத்த வூட்ல நெஞ்சு ஒயரத்துக்குத் தண்ணி. பீரோ மெதந்துச்சி. கண்ணால பாத்தவ நானு."

"சரிட்டி. ஆனா இந்தப் பத்தியில ஒங்க அத்தையே கெடையாதுல்லா."

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எரிச்சல். தெரிந்ததை மறந்துவிட்டு, எதிரே இருக்கிற நாலு வரியை மட்டும் நம்ப வேண்டுமாம். அது அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை.

தேர்வு எங்கள் இருவருக்கும் ஒரே நாள், ஒரே வேளை. மறைமலை நகர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். பஸ் நகரவேயில்லை. வேர்த்து விறுவிறுத்து உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். கேள்விகளில் ஒன்று இது: 'தி கமிட்டி டேஷ் டிவைடட் இன் தேர் ஒப்பீனியன்ஸ்.' வாஸ் என்று ஒருமையா, வேர் என்று பன்மையா? குழு ஒற்றுமையாக இருந்தால் ஒருமை, உள்ளே ஆளுக்கொரு கருத்தாகப் பிரிந்து நின்றால் பன்மை. அண்ணி எனக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்த விதி. நான் தயங்காமல் வேர் போட்டேன்.

சில வாரங்கள் கழித்து உத்தேச விடைகளை இணையத்தில் விட்டார்கள். அதோடு நாம் போட்ட பதில்களும் தெரியும். சமையலறையில் அண்ணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, கமிட்டிக்கு வாஸ்னு போட்டுக்கிறான்!"

"ஆமா, எனக்கு அது சரியாயிட்டு. நான் வாஸ்தான் போட்டேன்."

"நீயா? எனுக்கு வேர்னு சொல்லிக் குடுத்ததே நீதான!"

"சொல்லிக்குடுத்தேன். அங்கன போயி மறந்துட்டு. இப்பதான் சரின்னு வந்துட்டுல்லா, விடு."

"எப்பிடி வுடுறது? அது தப்பு. பின்னாடியே தேர்னு வருது பாரு. நான் அப்ஜெக்ஷன் போடப் போறேன்."

விடை தவறு என்று நினைத்தால் காரணம் எழுதி, கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அண்ணி போனைக் கீழே வைத்தாள். "நீ போட்டு அவன் மாத்துனா என் மார்க்கு போயிரும். மைனஸ் வேற விழும். தெரிஞ்சுதான் பேசுதியா?"

"எனுக்கு இப்ப மைனஸ் வுழுந்துக்கீதே, அது?"

"அதுக்கு எனக்கு வந்தத கெடுப்பியா?"

"உனுக்கு வரவே கூடாததுடி அது! இன்னாடி நீ!"

அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தான். பையை இறக்காமல் வாசற்படியிலேயே நின்றான். "இன்னா ஆச்சி? எதுக்குக் கத்திகினு கீறீங்க?" இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கேட்டுவிட்டு, "கமிட்டில எத்தினி பேருன்னு போட்டுக்கீதா?" என்றான். இருவரும் அவனை முறைத்தோம். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அதன்பிறகு அண்ணி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள். அம்மா, ஒரு மார்க்குக்காகக் குடும்பத்தில் குழப்பம் வேண்டாம், விட்டுக்கொடு என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. என்ன விட்டுக்கொடுப்பது? நான் சரி. சரியாக இருந்தும் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் வீட்டுக்குள் நடமாட வேண்டியிருந்தது.

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாளன்று எனக்கு வார விடுமுறை. காரணத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். அதுதான் கொடுமை. விதி எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வாக்கியம் வரவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எத்தனை கைடு தின்றும் சொந்தமாக நாலு வரி எழுத வராதா என்று எனக்கே அழுகை வந்தது. பின்னால் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"'பிகாஸ் ஆஃப் தேர் ஈஸ் தேர்' னா என்னட்டி அர்த்தம்?"

நான் போனைச் சாய்த்து மறைத்தேன்.

"இத அவன் படிச்சான்னா ஒனக்கு ஏற்கெனவே உள்ளதையும் கழிச்சிருவான். இங்க குடு."

போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். நான் எழுதியதை முழுக்க அழித்தாள். விதியை எழுதினாள், வாக்கியத்தில் தேர் என்ற சொல் எதைக் காட்டுகிறது என்று எழுதினாள், அதனால் பன்மை வினைதான் வரும் என்று முடித்தாள். தன் மார்க்கைத் தானே வெட்டுகிற காரணத்தை, முற்றுப்புள்ளி காற்புள்ளி எல்லாம் சரிபார்த்து எழுதினாள்.

"அனுப்பு."

"அண்ணி, உன் மார்க்கு..."

"எனக்கு ஒன் மேல கோவந்தான். இன்னும் கோவந்தான். ஆனா தப்பும் தவறுமா எழுதி அனுப்புதத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அனுப்பினேன். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு இறுதி விடை வந்தது. கமிட்டிக்கு எதிரே, இரண்டு விடைகளும் சரியானவையாக ஏற்கப்படும் என்று இருந்தது. வாஸும் சரி, வேரும் சரி. நான் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். அண்ணன் வாங்கி வைத்தான். ஒற்றுமையாகவும் இருக்கிறார்கள், பிரிந்தும் நிற்கிறார்கள் என்றால் அது என்ன இலக்கணம்? தவறு என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு வலித்ததா? எனக்கு மைனஸ் போய் மார்க் கூடியது. என்னைப்போல வேர் போட்ட அத்தனை பேருக்கும் கூடியது. கட்-ஆஃப் எங்களோடு சேர்ந்து ஏறிப்போயிற்று.

அண்ணி தேறினாள், அதுவும் நூலிழையில். நான் அதே நூலிழைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். அவள் மார்க் போயிருந்தால் அவளும் என்னோடு நின்றிருப்பாள். இதை இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேறியவள் அழுகிறாள், தேறாத நான் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன். "அழுவாத, பேஜாரா கீது" என்றேன். உண்மையாகவே பேஜாராக இருந்தது. சந்தோஷமும் இருந்தது. அதை அன்று காட்ட எனக்கு மனசு வரவில்லை.

தட்டச்சுத் தேர்விலும் தேறி இப்போது அவள் சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். விடியும்போதே கிளம்பி சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடிக்கிறாள். என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். பகலெல்லாம் வீட்டில் தனியாகப் படிக்கிறேன். தனியாகப் படித்தால் எல்லாமே சரி என்று தோன்றுகிறது, அதனால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மதியம் அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்து போன் போடுகிறேன்.

நேற்று ஒரு பத்தியை முழுதாகப் படித்துக் காட்டினேன். ஆசிரியரின் மனநிலை என்ன என்று கேள்வி.

"கோவமா கீறான்னு போட்டேன். நடுநெலைன்னு கீது விடையில. இது எப்பிடி நடுநெலையாவும், நீயே சொல்லு?"

"ஏட்டி, நீ வாசிச்ச வாசிப்புக்கு எனக்கே கோவமாத்தான் கேட்டுச்சு. மெதுவா இன்னொரு தரம் வாசி. சீக்கிரம், சோறு ஆறுது."