உங்களுக்கு ஞாயிறு, எங்களுக்குச் சனி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. கல்முனை பிரதான வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கந்தோர். கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம். ஆறு கதிரை, ஒரு குளிரூட்டி, அதுவும் பகல் ஏறினால் சத்தம் மட்டும்தான் போடும். முகாமையாளருக்கு அடுத்தபடியாக அங்கே பழைய ஆள் நான்தான். மருதமுனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். என்னுடைய வேலையில் பிழை வராது என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் செய்துகொடுத்த தளங்களில் ஒரு தனியார் வைத்தியசாலையின் தளமும் ஒன்று. எந்த டொக்டர் எந்தக் கிழமை வருவார் என்ற நேரசூசிதான் அதில் முக்கியம். கண் டொக்டர் கொழும்பிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். அந்த மாதம் அதை ஞாயிறாக மாற்றியிருந்தார்கள். வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு எழுதியது எங்களிடம் புதிதாக வந்திருந்த ஒரு பிள்ளை. கல்முனைக்காரி, மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம், மூன்று மாதப் பயிற்சியில் எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் வேறு ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு துண்டுக் கடதாசியில் அழகாக எழுதி என் மேசையில் வைத்தாள். நான் திருத்தினேன், திரையில் ஞாயிறு என்று வந்தது, "செஞ்சாச்சு" என்று சொன்னேன். அது புதன்கிழமை.

எப்படித் திருத்தினேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதைத் திறந்து, பக்கத்தில் உள்ள ஒரு வரியைத் தொட்டால், அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பெயர் காட்டும். அந்தப் பெயரை அழுத்தினால், என் கணினியில் இருக்கும் அதே கோப்பு எடிட்டரில் சரியாக அந்த வரியிலேயே திறக்கும். நூறு கோப்புக்குள் தேடித் திரியத் தேவையில்லை. இதற்காக அந்தத் தளத்தை என் கணினியில் உள்ள ஒரு கோப்புறையோடு இணைத்து வைத்திருந்தேன். இணைத்த பிறகு, நான் திருத்திச் சேமித்தவுடன் பிரவுசரில் மாற்றம் தெரியும். கந்தோரில் வேறு யாருக்கும் இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணி இருக்கும். ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். திருக்கோவிலிலிருந்து புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடலுக்குப் போகிற மனிதர், கண்ணில் ஒபரேஷன் செய்து தையல் போட்டிருக்கிறது, அன்று டொக்டரிடம் காட்டவேண்டும். விடியற்காலையிலேயே புறப்பட்டு, அக்கரைப்பற்றில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வந்தால், வைத்தியசாலையில் டொக்டர் நாளைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். தளத்தின் அடியில் எங்கள் கந்தோரின் பெயரையும் விலாசத்தையும் பெருமையாகப் போட்டிருந்தோம் அல்லவா, அதைப் பார்த்து விசாரித்து வந்துவிட்டார். புருஷனைக் கீழே புடவைக்கடை வாசலில் உட்கார வைத்திருந்தார்.

சண்டை பிடிக்க வந்தவர் மாதிரி இல்லை. போனை என் பக்கம் நீட்டி, "தங்கச்சி, இதுல சனி எண்டுதானே கிடக்கு" என்றார்.

நான் அந்தப் போனைக் கையில் வாங்கவில்லை. கண்ணாடி வெடித்த பழைய போன். பார்த்தவுடன் எனக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "உங்கட போன்ல பழசு நிக்கிது அக்கா. இஞ்ச பாருங்க, ஞாயிறு என்டுதான் இரிக்கி" என்று என் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதோடு விட்டேனா? அந்த வரியைத் தொட்டு, கோப்பின் பெயரை அழுத்தி, எடிட்டரில் பட்டென்று அது திறந்ததையும் காட்டினேன். அங்கேயும் ஞாயிறு. சாட்சிக்கு மேல் சாட்சி.

அவர் என் திரையையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஞாயிறு, எங்களுக்குச் சனி. அப்ப நாங்க எந்தக் கிழமைதான் வாற?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் முகாமையாளர் உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். தன் போனில் பார்த்தார், அதிலும் சனி. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. நான் புதன்கிழமையே திருத்திவிட்டேன், அதற்குப் பிறகு யாரோ பழைய பிரதியைத் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்று சொன்னேன். தளத்தில் கோப்பு ஏற்றுகிற கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். முகாமையாளர், நான், அந்தப் பிள்ளை. பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் எழுந்து, "நான் அதுல கையே வைக்கல்ல சேர்" என்றாள். முகாமையாளர் காதில் வாங்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, "ஞாயிறு என்டா சேர்ச்சிக்குப் போகணும்தானே, அதான் புள்ள டொக்டரையும் சனிக்கே மாத்திட்டுது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எங்கள் ஆண்கள் எழுந்து போகும்போது, வருகிற தொலைபேசியை எல்லாம் எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு கந்தோரைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஒரு நாளாவது அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்து நாங்கள் பகிடி பண்ணினோம். அதுவும் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டு நிற்க.

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று முகாமையாளர் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றாள்.

"அக்கா, கீழ திறந்து கிடக்கிற அந்தப் பெட்டியப் பூட்டிப்போட்டு ஒருக்காப் பாருங்க" என்றாள்.

பயிற்சிக்கு வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று உள்ளே பொங்கியது. நான் நிமிரவே இல்லை. அவள் அந்தப் பெண்ணோடு கதைத்தபடி படியிறங்கிப் போய்விட்டாள். அவள் சொன்னது பிழை என்று காட்டுவதற்காகத்தான் டெவலப்பர் டூல்ஸ் பெட்டியை மூடினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன்.

சனி.

பெட்டியைத் திறந்து மறுபடி புதுப்பித்தேன். ஞாயிறு. மூடினேன். சனி.

அந்தப் பெட்டி திறந்திருக்கும்வரை, பிரவுசர் தளத்தில் உள்ள கோப்பைக் காட்டுவதில்லை. அதற்குப் பதிலாக என் கணினியில் உள்ள கோப்பையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தானே அப்படி இணைத்து வைத்தேன். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அதற்கு அடையாளமாக ஒரு ஊதாப் புள்ளிகூட இருந்தது. எத்தனையோ நாள் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். என் வேலையில் அந்தப் பெட்டி மூடியே கிடப்பதில்லை. புதன்கிழமை நான் திருத்திய ஞாயிறு என் மேசையை விட்டு அரை அங்குலமும் நகரவில்லை. அதைத் தளத்தில் ஏற்றினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும், ஏற்ற மறந்தவள் நான். யாரும் பழையதை ஏற்றவில்லை, புதியதை நான் ஏற்றவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

உடனே கோப்பை ஏற்றிவிட்டு, முகாமையாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வைத்தியசாலைக்குக் கதைத்து, புதிதாக வந்தவள் விட்ட பிழை, ஆளை நிறுத்தியாயிற்று என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

"நீங்க பிழை விட்டா அது கந்தோர்ர பிழை. பழக வந்த புள்ள விட்டா அது அந்தப் புள்ளட பிழை. விளங்குதா?" என்றார்.

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. ஒரு ஆளுடைய பெயரைக் கெடுத்துக் கந்தோரின் பெயரைக் காப்பாற்றலாம் என்று இந்த மனிதர் நினைக்கிறார், அதற்கு வழியெடுத்துக் கொடுத்தவள் நான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மேசைக்கு வந்தேன். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டில் உம்மா சோறு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் ஞாயிறு கந்தோர் விடுமுறை. அந்தத் திருக்கோவில் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே வைத்தியசாலைக்குப் போனேன். நம்பர் எடுக்கிற இடத்தில் ஒரு நீள வாங்கில் அவரும் கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், அவர்களுடைய மருந்துச் சிட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள்.

அந்தப் பெண்தான் சொன்னார். தையல் போட்ட கண்ணோடு புருஷனை மறுபடி இரண்டு பஸ் ஏற்றி இறக்க வேண்டாம் என்று, முதல் நாள் அவள் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்த் தங்க வைத்திருக்கிறாள். அன்று தேவாலயத்துக்கும் போகாமல் விடிந்ததும் வந்து நம்பர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "யாருமில்ல எண்டு நினைச்சம் தங்கச்சி" என்றார் அந்தப் பெண். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, டொக்டர் இன்றைக்கு வருவார்தானே என்று மட்டும் கேட்டார். அவருடைய கவலை அவருக்கு.

பிறகு அவள் பக்கம் திரும்பி, பெட்டியை மூடிப் பார்த்தேன், பிழை என்னுடையதுதான், மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"இஞ்ச கேக்க வேணாம் அக்கா. எல்லாரும் சிரிச்ச இடத்தில கேளுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் கண்ணில் இருந்த கோபத்தை நான் பார்த்தேன். நியாயமான கோபம்.

திங்கட்கிழமை எல்லாரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து நின்று, பெட்டியைத் திறந்தும் மூடியும் என் திரையில் எல்லாருக்கும் காட்டினேன். நான் திருத்தியதை நானே ஏற்றவில்லை, பழியை அவள்மேல் போட்டேன், அந்தப் பகிடிக்கு நானும் சிரித்தேன், அது ஈனமான வேலை என்று சொன்னேன். ஒருவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டார். முகாமையாளர், வேலையைப் பாருங்கள் என்றார். பிழை அவளுடையது இல்லை, என்னுடையது என்று வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட மறுத்தார், என் பெயரிலேயே கையெழுத்திட்டு நடந்துபோய் வைத்தியசாலையில் கொடுத்தேன். என் வேலை போகும் என்றுதான் எதிர்பார்த்தேன். போகவில்லை. பழைய ஆளை விடுவது நட்டம் என்று நினைத்திருப்பார், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கடிதம் போன பிறகு கந்தோரில் அவளைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். வந்தாள், மூன்று மாதத்தை முடித்தாள், நிரந்தரமாக்குகிறோம் என்று சொன்ன அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது வேறு ஊரில் நல்ல இடத்தில் வேலை செய்கிறாள். நோன்புப் பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புவாள், டிசம்பரில் நத்தாருக்கு நான் அனுப்புவேன். அதற்கு மேல் நாங்கள் கதைப்பதில்லை.

இன்றும் கோப்பின் பெயரை அழுத்தி எடிட்டரைத் திறந்துதான் வேலை செய்கிறேன். ஆனால் யாராவது வந்து தங்களுக்கு வேறு மாதிரிக் காட்டுகிறது என்று சொன்னால், என் திரையைத் திருப்பிக் காட்டுவதில்லை. முதலில் அவர்களுடைய போனைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன், அந்த வெடித்த கண்ணாடிப் போனை அன்று நான் வாங்கிப் பார்த்திருந்தால் அந்தச் சிரிப்பு அந்த அறையில் எழுந்தே இருக்காது.