நியூட்ரலில் இறங்கும் ஜீப்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சபரிமலை வண்டிகள் ஓயவே ஓயாது. தேனி, சின்னமனூர் தாண்டிக் கம்பத்துக்குள் நுழைந்து, கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறும். அந்தச் சரண கோஷத்துக்கு நடுவே நான் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்குச் சாய்தளம் பற்றித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். சாய்தளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஜன்னலுக்கு வெளியே அத்தனை பெரிய மலை நிற்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை அவர்களை பஸ்ஸில் ஏற்றி லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப்போனேன். மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி, "உயரத்துல நிக்கிற தண்ணிக்கு இருக்குற ஆற்றல்தான் கீழ கரண்டா மாறுது" என்றேன். பாதயாத்திரை சாமிமார் கடந்து போனார்கள். இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை பூஜ்யம்தான் என்றேன். "சாமிமார் காதுல விழுந்தா அடிக்க வருவாக டீச்சர்" என்று சிரித்தார்கள்.

பிறகு மலைச்சாலையில் கொஞ்சம் ஏறி, முதல் வளைவுகளில் ஒன்றில் ஓரமாக நின்றோம். இறங்கும் வண்டிகளிலிருந்து கருகல் வாடை அடித்தது. அதுதான் அன்றைய பாடம். ஏறும்போது சேர்ந்த ஆற்றல் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் என்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் அப்புறம் எந்த சாமியைக் கூப்பிட்டும் பயனில்லை.

நான் சொல்லி முடிக்கவில்லை, ஒரு ஜீப் சத்தமே இல்லாமல் வளைவில் இறங்கியது. என்ஜின் ஓடவில்லை, டயர் உரசும் சத்தம் மட்டும்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் பெண்களை உள்ளே திணித்து, பின்னாலும் தொங்கவிட்டிருந்தார்கள். "எங்கம்மா டீச்சர்!" என்று ஒருத்தி கையை உயர்த்தினாள். உயர்த்திய கை ஆடவில்லை. என்ன பார்த்தோம் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அம்மா திங்கட்கிழமை சாயங்காலம் மலை இறங்கும்போது, "கியர்ல இறக்குப்பா" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரை விட்டுவிட்டு ஜீப் போய்விட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த அம்மா நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"மார்க் வாங்குறதுக்குப் பாடம் நடத்துங்க டீச்சர். எங்க கஞ்சியில ஏன் மண்ணள்ளிப் போடுறீக?"

தலைமையாசிரியை அவருக்குப் பரிந்து பேசுவது போல என்னைப் பார்த்து, "ஊர் சுத்தாம போர்ஷனை முடிக்கிற வழியப் பாருங்க" என்றார். இயற்பியல் போர்ஷனில் இல்லையாம்! உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. உயிரைக் காப்பாற்றுகிற ஒரே ஒரு விஷயத்தை இத்தனை வருடத்தில் ஒழுங்காக நடத்தியிருக்கிறேன், அதற்கு இந்தப் பேச்சு.

மறுநாள் விடிந்ததும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த அம்மாவும் தூக்குச்சட்டியோடு ஓரமாக நின்றிருந்தார். நான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்று டிரைவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். ஆளை அடைப்பது தப்பு, என்ஜினை அணைப்பது அதைவிடத் தப்பு, பிரேக் போனால் இத்தனை பேர் வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவன் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு ரோடு தெரியும் டீச்சரம்மா. ஒங்க வேல கரும்பலகையில. அங்கன போயிப் பாருங்க."

போலீசுக்குப் போவேன் என்றேன். அப்போது ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண், "வழிய விடுங்க டீச்சர். நேரஞ்செண்டு போனா கங்காணி திருப்பி அனுப்பிருவான்" என்றார். இன்னொருத்தி, "நீங்க மாசச் சம்பளக்காரவுக" என்றாள். யாருக்காகக் கத்தினேனோ அவர்களே என்னை விரட்டினார்கள். அவர்கள் மேல் வந்த கோபம், அவர்களை அப்படிப் பேச வைத்தவன் மேல் வந்த கோபத்தைவிடக் குறைவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

டிரைவர் அந்த அம்மாவைப் பார்த்தான். "ஏத்தா, ஏறணும்னா ஏறு. எறங்கும்போது கியரு கியருன்னு வாயத் தொறக்கக் கூடாது. இந்த டீச்சர் முன்னாடியே சொல்லு."

அவர் என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "பேசமாட்டேன்."

நான் விலகி வழிவிட்டேன். உள்ளே உட்கார இடமில்லை. ஒருத்தி அவரை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.