கிழிக்காமல் வைத்த கார்டு

வேணி என்ன வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் பொன்மலைப்பட்டியில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அடுத்த வீட்டுக் கடிதாசியைப் பிரித்துப் படிக்க வேண்டும், படித்ததைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். இதற்கு மாதாமாதம் சம்பளம்! திருச்சியில் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் ஆறு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்த ஸ்ரீரங்கத்து வீரராகவனின் சொந்தக் காகிதங்கள் நாற்பத்திரண்டு பெட்டிகளாக அங்கே வந்து இறங்கியிருந்தன. நாளைக்கு யாராவது சரித்திரம் எழுதினால் உதவட்டும் என்று அவருடைய மகள் ரெங்கநாயகி அம்மாள் கொடுத்தது. கவர்னர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது.

மனுஷர் எதையும் தூக்கிப் போட்டதில்லை. மந்திரி எழுதிய கடிதமும் இருக்கும், கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

பெட்டிகளை வேனில் ஏற்றிய அன்று ரெங்கநாயகி அம்மாள் வாசல்வரை வந்து வேணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணா முகுந்தன், அப்பாவோட சண்டை போட்டுண்டு கல்கத்தாவுக்குப் போனவன். அதுக்கப்புறம் தகவலே இல்லை. இருக்கானா இல்லையான்னுகூடத் தெரியாது. அவனைப் பத்தி ஒரு வரி கிடைச்சாலும் எனக்குச் சொல்லணும், என்ன?"

"கண்டிப்பா சொல்றேங்கம்மா."

அப்போது வேணியின் புருஷன் தர்மராஜ் உயிரோடு இருந்தான். அடுத்தவர் சொன்னதை மனசில் வாங்கிக்கொள்ள அவளுக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

போன ஐப்பசியில் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கப் போன தர்மராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதோடு சரி. வேணி அழவில்லை. "அழுதுடும்மா, உள்ளேயே வெச்சுக்காதே" என்று சொந்தக்காரப் பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வராததை எங்கே போய்க் கொண்டுவருவது? காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கருமாதிப் பத்திரிகை இருநூறு அடித்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிப் பத்திரமாக எடுத்து வைப்போம். சாவுச் சேதி தாங்கிய காகிதம் வீட்டில் தங்கக் கூடாது, படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். மிச்சமான பத்திரிகைகளைக் கொழுந்தனார் கிழித்தார். வேணியும் கூட உட்கார்ந்து கிழித்தாள். தர்மராஜின் பெயர் குறுக்கே பிளந்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கைதான் இதையும் செய்தது. தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்தாள். ரெங்கநாயகி அம்மாளின் கல்யாணப் பத்திரிகைகள், விநியோகித்தது போக மிஞ்சியவை, ஒரே கட்டாக இருந்தன. கட்டின் நடுவே ஓர் அஞ்சலட்டை. தலைப்பில் 'அசுபம்' என்று போட்டிருந்தது. வேணி அதை முழுக்கப் படித்தாள். பிறகு குறுக்கே ஒரு கிழி, நெடுக்கே ஒரு கிழி. நாலு துண்டையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த காகிதத்தைப் பட்டியலில் எழுதினாள். ஆவணக் காப்பகத்தில், கையுறை மாட்டிக்கொண்டு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடும்போதுதான் முகுந்தன் என்ற பெயர் அவளுக்கு உறைத்தது.

நல்லவேளை, கூடையை இன்னும் யாரும் கொட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி மேஜைமேல் சேர்த்து வைத்தாள். கல்கத்தாவிலிருந்து முகுந்தனின் தமிழ் நண்பர் யாரோ கவர்னருக்கு எழுதியது. 'தங்கள் குமாரன் முகுந்தன் காமாலை கண்டு ஆனி 14-ந் தேதி காலமானார். விலாசம் கிடைக்கத் தாமதமானதால் தகனத்தை நாங்களே செய்துவிட்டோம். க்ஷமிக்கவும்.'

பேசாமல் இருந்துவிடலாம். பட்டியலில் ஏறாத காகிதத்தை யார் தேடப் போகிறார்கள்? வேணி அதையும் யோசித்தாள். பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது. துண்டுகளை ஒரு உறையில் போட்டுக்கொண்டு பொறுப்பாளர் ஆசீரின் அறைக்குப் போனாள்.

"என்னங்க வேணி இது?"

"நான்தான் சார் கிழிச்சேன். சாவுச் சேதி. கை தானா கிழிச்சிடுச்சு."

ஆசீர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல இதையெல்லாம் பைபிளுக்குள்ள வெச்சிருப்போம். கிழிப்பாங்களா யாராவது?"

"எங்க பக்கம் எல்லாரும் கிழிப்பாங்க சார். அவங்க பக்கமும் அப்படித்தான்."

ஆசீர் நிமிர்ந்தார். "அப்ப கவர்னர் ஏன் கிழிக்கல?"

வேணி போய்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தாள். முகூர்த்தம் ஆனி 20, இடம் கவர்னர் மாளிகை. கார்டில் கவர்னர் மாளிகைக்கு வந்து சேர்ந்த முத்திரை, கல்யாணத்துக்கு இரண்டே நாள் முன்னால். வெளியே சொல்லியிருந்தால் தீட்டு வந்து கல்யாணம் நின்றிருக்கும். பெற்ற பிள்ளையின் சாவைப் பெண்ணின் பத்திரிகைக் கட்டுக்குள் செருகிவிட்டு மனுஷர் பந்தலுக்குப் போய் நின்றிருக்கிறார். கிழிக்க மட்டும் மனசு வரவில்லை.

"மெமோ வரும், அது அப்புறம்" என்றார் ஆசீர். "முதல்ல அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. துண்டு திரும்ப வரணும்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கினாள். ரெங்கநாயகி அம்மாள் கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். வேணி உறையைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்தாள்.

"உங்கண்ணா பத்தி கிடைச்சிருக்குங்கம்மா. நல்ல சேதி இல்ல. இப்படிக் கிழிச்சது நான்தான், மன்னிச்சிடுங்க."

கிழிசலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, இரண்டு தடவை படித்தார்.

"இது எங்கே இருந்தது?"

"உங்க கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள்ளம்மா."

அம்மாள் விரலால் தேதியைத் தொட்டுப் பார்த்தார். பூவை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இருங்கோ, ஸ்நானம் பண்ணிட்டு வரேன்."

ஐம்பது வருஷத்துக்குமேல் பழசானாலும் கூடப்பிறந்தவன் சாவு காதில் விழுந்தால் தலை முழுகித்தானே ஆக வேண்டும். கொல்லைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தாள் வேணி, நிற்கவில்லை. வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார் போலிருக்கிறது.

ஈரத் தலையோடு வந்து தூணோரம் உட்கார்ந்தவர், வேணியைப் பார்க்காமல் பேசினார்.

"கல்யாணத்துக்கு வந்துடுடான்னு அப்பாவுக்குத் தெரியாம, யாரோ கொடுத்த கல்கத்தா விலாசத்துக்கு அவனுக்கு லெட்டர் போட்டிருந்தேன். மணையில உக்காந்துண்டு வாசலையே பாத்துண்டிருந்தேன், வரலை. எனக்கு வந்துது பாருங்கோ ஒரு கோவம்! புக்காத்துக்குக் கிளம்பறச்சே எல்லார் முன்னாடியும் சொன்னேன், இனிமே அவன் செத்தாக்கூட எனக்குச் சொல்லாதேங்கோன்னு."

வேணி துண்டுகளை உறைக்குள் எடுத்து வைத்தாள். "யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"அப்பாகிட்டதான். சரிம்மான்னார்."