அப்பா உயிரோடு ஓய்வு பெற்ற நாள்

உறவினர்களுக்கும் அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அம்மா. நல்லதற்குப் பஞ்சமில்லை. ஆனால் மூத்த மகளான எனக்குப் பூசி மெழுக வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்பா பிறந்து வளர்ந்தது நீலசந்திராவில். தாத்தா கட்டட வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, கன்னடத் தேர்வு எழுதி, குமாஸ்தாவாக உயர்ந்தார். வந்த யாரையும் நாளைக்கு வா என்று அலைக்கழித்ததில்லை. கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார், கொஞ்சுவது மட்டும் தமிழில். கடன் வாங்கிச் சந்தாபுராவில் வீடு கட்டினார். அதில் நிம்மதியாக உட்காரத்தான் அவருக்கு நேரம் வரவில்லை.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் டயாலிசிஸ் தொடங்கியபோது, ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. முழு பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் எப்போதோ முடிந்திருந்தது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் மறுப்பார் யாருமில்லை. அப்பாவோ டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் கால் வீக்கத்தோடு பஸ் ஏறினார்.

"முழு பென்ஷன்தான் வந்துடுமேப்பா, எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரேன்" என்றேன்.

"பென்ஷன் எனக்கும்மா. உன் தம்பிக்கு?"

தம்பி வேலை பார்த்த கம்பெனியை அப்போதுதான் மூடியிருந்தார்கள்.

"சர்வீஸ்ல இருக்கும்போதே நான் போயிட்டா அவனுக்கு வேலை குடுப்பாங்க. எழுதிக் குடுத்துட்டா அது போச்சு" என்றார். ரேஷன் கடைக்கு எப்போது போவது என்று சொல்வதுபோல் சொன்னார். அலுவலகத்தில் மதிய சாப்பாட்டின்போது எல்லோரும் போடும் கணக்குதான் அது. இன்க்ரிமென்ட் வரட்டும், சம்பளக் கமிஷன் வரட்டும் என்று விருப்ப ஓய்வைத் தள்ளிப்போடுவார்கள். அப்பா தன் சாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நான் கத்தினேன். அம்மா அழுதார். தம்பி, "எனக்கு அந்த வேலையே வேணாம்" என்று சாப்பிடாமல் எழுந்து போனான். அப்பா அசையவில்லை. அதன் பிறகு அவர் மாத்திரையை விழுங்கும்வரை அம்மா பக்கத்திலேயே நிற்பார்.

எமன் வரவில்லை, ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. அலுவலகத்தில் தலையில் மைசூர் பேட்டா தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்தார்கள். "நூறு வர்ஷ பாளி சார்" என்று, நூறு வருஷம் வாழச் சொல்லி மேலதிகாரி வாழ்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அலுவலகத்தைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து, மேலதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் தம்பியிடம் அப்பா சொன்னார்: "உனக்கு ஒண்ணும் பண்ண முடியலடா. போன மாசமே போயிருக்கணும்."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வேலைய நான் தேடிக்கிறேன். நீ இருப்பா, அது போதும்" என்றான்.

அப்பா இரண்டு மாதம் இருந்தார். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டாரோடு கன்னடத்தில் அரசியல் பேசினார். அம்மாவுக்கு அவரைக்காய் உரித்துக் கொடுத்தார். உப்பில்லாத சாம்பாரைக் கேலி செய்துகொண்டே சாப்பிட்டார். ஒரு நாள் டயாலிசிஸ் நடக்கும்போதே மூச்சுத் திணறி, எங்களை விட்டுப் போய்விட்டார்.

அப்பாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பாராமல் வந்த ஆட்டோக்காரருக்கும், பென்ஷன் காகிதங்களுக்காக அம்மாவை அலையவிடாமல் தாங்களே முடித்துக் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உறவினர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தம்பி இப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். "ரெண்டு மாசம் முன்னாடி போயிருந்தா பையனுக்கு ஒரு வேலையாவது கெடச்சிருக்கும்" என்று சாவு வீட்டிலேயே உங்களில் சிலர் பேசினீர்கள். இன்று சாப்பிட வரும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பா எங்களோடு வீட்டில் இருந்ததே அந்த இரண்டு மாதம்தான். எங்களுக்கு அது போதவில்லை.