என் மகளின் கேஸ்

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மழைக்காலம் முழுக்க என் மகள் ஒரு கிழவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். “தாத்தாவுக்கு இடது காதுதான்பா நல்லா கேக்குது. நீங்கள்லாம் தப்பான பக்கம் நின்னு கத்துறீங்க” என்பாள். அவர் எங்களுக்கு உறவு இல்லை. மண்ணூர்ப் பக்கம் இருந்த நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருக்கோடியில் வீடு வாங்கிக் குடிவந்தவர்.

மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பட்டம் முடித்துவிட்டு பிசியோதெரபி படிப்பது என்று முடிவு செய்து, மெட்ராஸில் ஒரு கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பட்டப்படிப்பில் மனித வளர்ச்சியும் முதுமையும் என்று ஒரு பாடம். அறுபது தாண்டிய ஒருவரை வாராவாரம் பார்த்து, அவர் நடப்பது, உட்காருவது, மறப்பது எல்லாவற்றையும் கவனித்து வந்து வகுப்பில் சொல்ல வேண்டும்.

“அம்பதுக்குக் கிட்ட இருந்தா ஆகாதா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு சீனியாரிட்டி பத்தாதுப்பா. அதுவுமில்லாம சொந்தக்காரங்க கூடாது.”

தாலுகா ஆபீஸில் பதவி உயர்வுக்காக நான் புலம்பும் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு ரசம் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அவளுக்குக் குடை எடுத்துக்கொண்டு கிழவர் வீட்டுக்குப் போனேன். பிடியின் பலம் பார்க்க அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இன்னும் அழுத்துங்க தாத்தா, இன்னும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ செம்பரம்பாக்கம் ஏரியை நீந்திக் கடந்த கதையில் இருந்தார். “கரை ஏறி வாயைத் தொறந்தா, உள்ள ஒரு கெண்டை மீனு!” கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்த ஆள் அவர், ஊருக்கே தெரியும். என் மகளோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அதுக்கப்புறம் தாத்தா?”

வீட்டில் நான் எது சொன்னாலும் அவள் பதில் “ம்”தான். அதுக்கப்புறம் என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடமும் இருந்தது. அந்த மே மாதம் இங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு, எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்தால்கூட என் கை நடுங்க ஆரம்பித்துவிடும். தினமும் சாயங்காலம் அவள் பஸ் வருமுன்பே போய் நிறுத்தத்தில் நிற்பேன். காய்கறி வாங்க வந்ததாகச் சொல்வேன். வாங்கிய கத்தரிக்காயெல்லாம் வீட்டில் வாடிக் கிடந்தது. கிழவருடைய தூக்கத்தைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டவளுக்கு அந்தக் கத்தரிக்காய் கண்ணில் படவில்லை.

ஒரு ஞாயிறு கிழவர் வீட்டுக்குப் போனவள், போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. தாத்தா கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார் என்றாள். முந்தின வாரம் வகுப்புத் தோழி ஒருத்தியைக் கூடவே அழைத்துப் போய், “இவர்தான் என் கேஸ்” என்று காட்டியிருக்கிறாள். அவர்கள் கல்லூரியில் அப்படித்தான் சொல்வார்களாம். எங்கள் ஊரில் அந்த வருஷம் அந்த வார்த்தைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். வீட்டில் யார் தங்கினார்கள், யார் வந்து போனார்கள் என்று போலீஸ் எல்லோரையும் விசாரித்திருந்த நேரம்.

“இனிமே வேற ஆள் தேட நேரமில்லப்பா. இந்தப் பாடம் போச்சுன்னா பிசியோதெரபியும் போச்சு. நீங்க சொன்னா கேப்பாரு.”

மனசின் ஒரு ஓரத்தில் எனக்கு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிழவர் ஜன்னலைத்தான் திறந்தார். “சார், நீ கவுருமெண்டு ஆளு. ஒளிக்காம சொல்லு. உம் பொண்ணு எம் மேல இன்னா செக்ஷன்ல கேஸ் போட்டுகீது?”

“கேஸெல்லாம் இல்லைங்க. வயசானா உடம்பு எப்படி மாறுதுன்னு படிக்கிறா.”

“அதுக்கா யாரு வூட்டுக்கு வராங்க, ராத்திரி தூக்கம் வருதா, எதுனா மறந்துபூட்டியான்னு கேட்டுகினு இருந்துச்சு? போலீஸ்காரன்கூட ரெண்டே கேள்வி கேட்டுட்டுப் பூட்டான்யா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்துவிட்டேன். அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது.

“எனக்கும் அப்படித்தாங்க. டயர் வெடிச்சாகூடக் கை நடுங்குது” என்றேன். அதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் கதவைத் திறந்தார். “உனக்குமா? இன்னா வயசு உனக்கு?”

சொன்னேன்.

“சின்னப் புள்ள” என்று உதட்டைப் பிதுக்கினார். “சரி, பொண்ணை வரச் சொல்லு. நீயும் வந்து குந்து. ஆனா கேஸுன்ற பேச்சே இந்த வூட்டாண்ட வாணாம்.”

அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன். வயதாகிவிட்டது என்று முதலில் எப்போது தோன்றியது என்று மகள் அவரைக் கேட்டாள். “எனக்கு எங்க தோணுச்சு? கம்பெனி பஸ்காரன் ‘பெருசு, ஓரம் போ’ன்னான். யாரைச் சொல்றான்னு திரும்பிப் பாத்தா, பின்னால ஒருத்தரையும் காணோம்.” அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னையே கேட்டுகினு கீறியே, உங்கப்பனைக் கேளு. டயர் வெடிச்சா கை நடுங்குதாம்” என்று போட்டு உடைத்தார் கிழவர்.

மகள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “எப்போலேருந்துப்பா?” அவருக்கென்று வைத்திருந்த அதே குரல்.

“மே மாசத்துலேருந்து.”

“அதான் தினமும் கத்தரிக்காயா?” என்றாள். அவர் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். “அழுத்துங்கப்பா. இன்னும்.”

பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கிழவர் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“யாருதும்மா ஜாஸ்தி? என்துதானே?”

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.