வெல்டாவின் முதுகுக்குப் பின்னால்

கோவேறு கழுதை வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கிறது. அது மூச்சை விடும்வரை காத்திருந்து, வாரை இன்னொரு துளை இறுக்குகிறாள் வெல்டா. "யார ஏமாத்துற? உங்கம்மாவுக்கே சேணம் கட்டினவ நான்" என்று அதன் காதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். ஆறு கழுதைகளுக்கும் தினமும் இந்த அர்ச்சனை உண்டு.

படுக்கப் போகும்வரை அவள் தலையில் தொப்பி இருக்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டாள். உள்ளே தலை இருக்கிறதா என்று நான் கேட்டால், சமையல்காரனுக்கு வாய் ஜாஸ்தி என்பாள். அவள் குதிரைகளுக்கு, நான் அடுப்புக்கு. இந்தச் சிவப்புப் பள்ளத்தாக்குகளில் குதிரையேறிக் கூடாரம் போட வரும் விருந்தாளிகளை இருவருமாகத்தான் மேய்க்கிறோம்.

விலங்கு பார்க்கும் ஆசையில் எல்லோரும் கழுத்தில் தூரக்கண்ணாடியோடு வந்து இறங்குவார்கள். "அதப் பைக்குள்ள வைங்க. கழுத காதப் பாருங்க. ரெண்டு காதும் எங்க நிக்குதோ, அங்க ஏதோ இருக்கு" என்பாள். அவள் சொன்னபடிதான் பாறை விளிம்பில் சுருள்கொம்புக் காட்டு ஆடுகளைப் பார்த்தோம், குட்டிகளோடு நரியைப் பார்த்தோம்.

ஆனால் வாலிப வயதிலிருந்து இங்கேயே கிடப்பவள், மலைச்சிங்கத்தை, அந்தப் பிடரியில்லாத பெரிய காட்டுப்பூனையை, மட்டும் பார்த்ததில்லை. நேற்று வந்தவன் பார்ப்பான். காப்பிப் பாத்திரம் கழுவும்போது நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அவள் குனிந்து லாடத்தில் சிக்கிய கல்லை நோண்டிக்கொண்டிருப்பாள். "எனக்குக் குடுத்து வைக்கல" என்று சிரிப்பாள். அன்றைக்கு அவள் தட்டில் பாதிச் சோளரொட்டி மிஞ்சும்.

போன வாரம் விடிந்த கையோடு, மேபெலை அவிழ்த்துக் குட்டைக்குத் தண்ணீர் காட்ட நடத்திக்கொண்டு போனாள். காப்பிப் பாத்திரத்தோடு நானும் கூடப் போனேன். மேபெல் கழுத்தில் மணி கட்டிய பெண்குதிரை. அவள் போகும் இடத்துக்கெல்லாம் கழுதைகள் பின்னாலேயே போகும். அவள் ஓடினால் ஆறு கழுதைகளும் ஓடும். பிறகு நாங்கள் வெயிலில் இரண்டு நாள் நடக்க வேண்டியதுதான். விருந்தாளிகளில் ஒருவருக்கு முழங்கால் வேறு சரியில்லை.

திடீரென்று கழுதைகளின் காதுகள் அத்தனையும் வெல்டாவுக்குப் பின்னால் திரும்பின. பார்த்தேன். ஐயோ, மலைச்சிங்கம்! பாறையிலிருந்து நிதானமாக இறங்கி, குட்டைக்கு வந்துகொண்டிருந்தது.

மேபெலுக்கு வாடை எட்டிவிட்டது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி மேபெல்தான். வெல்டா தன் சட்டையால் குதிரையின் கண்ணைப் பொத்தி, நெற்றியோடு நெற்றி வைத்து நின்றுகொண்டாள். சிங்கம் அவள் முதுகுக்குப் பின்னால்.

"நான் திரும்பினா இவ போயிடுவா" என்றாள் மெல்ல. "நீ பாத்துச் சொல்லு, ஓரின்."

"தண்ணி குடிக்குது."

"வாலு?"

"தரையத் தொடுது. நுனி கறுப்பு."

"பெருசா?"

"பெருசு, வெல்டா. ரொம்ப அழகா இருக்கு."

அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நாக்கு தண்ணீரை நக்குவதையும் மீசையில் துளி தொங்குவதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். குடித்து முடித்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது பாறைமேல் ஏறி மறைந்தது.

மேபெல் அடங்கியதும் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு வெல்டா குட்டைக்கு ஓடினாள். ஈரச் சேற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். ஓரத்தில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். அதற்குள் தாகம் தாங்காமல் கழுதைகள் குட்டையை நோக்கி நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தன.

வெல்டா தொப்பியைக் கழற்றித் தடத்தின் மேல் கவிழ்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, மேலே வெயிலே படாத வெள்ளை நெற்றியோடு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தாள்.

"சுத்திப் போங்கடி" என்றாள்.