மூன்றாவது போதும்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. மதியம் கண்ணயரும்போதெல்லாம், அவர் நடத்திய காரைக்குடி மெஸ்ஸின் சாம்பார் ஆவிக்குள்ளிருந்து தோளில் துண்டும் கையில் கரண்டியுமாக வருகிறார். வரிசையாக இலை போட்டிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்களின் முகம் எனக்குத் தெரிவதில்லை. "உங்களுக்கு என்ன வயசு, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று ஒவ்வொருவரையும் கேட்ட பிறகே சோறு வைக்கிறார். விழித்த பிறகும் சிறிது நேரம் பெருங்காயம் மணக்கிறது.

அண்ணன் பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில். அப்பா சீக்கிரமே காலமானதால் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போனார். பிறகு காரைக்குடியில் சிறு மெஸ் வைத்து, என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். கோபக்காரர்தான். ஆனால் குழம்பில் உப்புக் கூடினால் அந்தக் கோபம் முழுவதும் தன் மேலேயே விழும்.

எங்கள் வீட்டுப் பந்தியில் முதல் 'போதும்' மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு, மூன்றாவதுதான் வயிற்றுக்கு என்பார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை வந்த பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவர் வந்தாலே கவுனி அரிசியில் இனிப்புக் கிண்டிவிடுவேன்.

"போதும்த்தா."

"என்னண்ணே, தங்கச்சி வீட்டுல கைநனைக்க இம்புட்டு யோசிக்கிறீக?"

மூன்றாவது 'போதும்' அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. என் மனம் கோணக் கூடாதென்று சாப்பிட்டுவிடுவார்.

கால் விரலில் பட்ட சிறு காயம் ஆறாமல் போய், விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலோரம் நின்று அழுதேன். "நான் வச்ச இனிப்புத்தாண்ணே உங்கள இப்புடிப் படுக்க வச்சிருச்சு."

"கிறுக்கி. நாந்தான வாயத் தொறந்தேன்?" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

மெஸ்ஸுக்குத் திரும்பியதும் சுவரில் தம் கையாலேயே 'முதல் போதுமே போதும்' என்று எழுதினார். சர்க்கரைக்காரர்களுக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினார். "வரகாவே இருந்தாலும் மலையாக் குமிச்சா சர்க்கரை ஏறத்தான்யா செய்யும்" என்று கேலி செய்வார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்களை ஒரு பிடி பிடித்துவிடுவார். மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கேட்காமலே கீரையும் முட்டையும் போகும். "ரெண்டு உசுருன்னு ஒரேயடியா அமுக்காதீகத்தா, பிரிச்சுப் பிரிச்சுச் சாப்புடுங்க" என்பார். பிள்ளைகளுக்குச் சின்னத் தட்டு. மீதம் வைத்தால் யாரும் அதட்டக் கூடாது. பல் போன பெரியவர்களுக்குச் சோற்றைக் குழைத்து, பருப்பைக் கூட்டிப் பொழுது சாய்ந்ததுமே பரிமாறிவிடுவார். ரத்தக்கொதிப்பு உள்ளவர் இலையில் ஊறுகாயும் அப்பளமும் எட்டிப் பார்க்காது. ஜவுளிக்கடை பாய் நோன்பு திறக்க வந்தால் முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. "வடைய அப்பறம் பாப்பம் பாய், அது எங்குட்டும் ஓடிறாது" என்பார். சிறுநீரகக் கோளாறு என்று வருபவரிடம் மட்டும் டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்த பிறகே கரண்டியைத் தொடுவார்.

கடைசி நாள்களில் உடம்பு முடியாமல் என் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் காலை, ஜன்னல் வெயில் போர்வையில் விழுந்து கிடந்தது. இரண்டு கரண்டி நொய்க்கஞ்சி உள்ளே போனதும் "போதும்" என்றார். நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். கண்ணை மூடியவர் வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"என்னத்தா, மறுக்காக் கேக்கலையா?"

"நீங்கதானண்ணே சுவத்துல எழுதிப் போட்டீக?"

"அது கடைக்கு" என்றார்.

"இன்னும் ஒரு கரண்டிண்ணே" என்றேன். அண்ணன் வாயைத் திறந்தார். அதற்கடுத்த நாள் போய்விட்டார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒருநாளும் அடுப்பை அணைய விடாத மெஸ் ஊழியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று இந்த நினைவு நாள் பந்தியில் அமரும் நீங்கள் ஒருமுறை 'போதும்' என்றாலே போதும், பரிமாறுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

என் கையால் கடைசியாக ஒரு கரண்டி வாங்கிக்கொண்டதற்கு, அண்ணனுக்கும் என் நன்றி.